டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கி: எழுதும்போது வழுக்குகிற இடங்கள்

உலகப்போர்ப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடமாட்டார்: "டாங்கியைத் துப்பாக்கியால சுட்டா என்ன ஆகும்? பெயின்ட் உரியும்." சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால் எந்த வருடத்து டாங்கி, எவ்வளவு தடிமன் தகடு, எத்தனை மீட்டரிலிருந்து சுட்டது என்று எதையும் கேட்காமல் கொடுத்த தீர்ப்பு அது. இந்த ஆயுதத்தைப் பற்றி எழுதுகிறவர்களின் பிழைகளில் முக்கால்வாசி இங்கேதான் முளைக்கின்றன.

1918இல் ஜெர்மனியின் மவுசர் நிறுவனம் செய்த முதல் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கியின் குண்டு 13.2 மி.மீ. எதிரே வந்த பிரிட்டனின் மார்க் 4 டாங்கியில் மிகத் தடித்த தகடே 12 மி.மீ. தான். அன்றைய கணக்கில் அது நியாயமான ஆயுதம். ஒவ்வொரு முறையும் ஒரே தோட்டாதான் போடமுடியும், தோளைக் காக்க ரப்பர் திண்டுகூடக் கிடையாது. சுட்டவர்களுக்கு அது பிடிக்காமல் போனதற்குத் தோள்வலியும் ஒரு காரணம்.

பிரிட்டனின் பாய்ஸ் துப்பாக்கியைப் 'பையன்கள் துப்பாக்கி' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அதை வடிவமைத்த கேப்டன் பாய்ஸின் பெயர் அது. 1937இல் படை அதை ஏற்பதற்குச் சற்று முன்பு அவர் இறந்துபோனார். 1940இல் பிரான்சில் ஜெர்மன் டாங்கிகளின் முன்பக்கத்தில் அது திணறியதை வைத்து 'உதவாக்கரை' என்று முத்திரை குத்துகிறார்கள். அதே துப்பாக்கிக்கு ஜப்பானின் 95ஆம் வகை இலகு டாங்கியின் 12 மி.மீ. தகடு பெரிய தடை இல்லை.

அடுத்து, எண்களில் வரும் குழப்பம். 14.5×114 என்று பார்த்ததும் '114 மி.மீ. துளைக்கும்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. 14.5 என்பது குண்டின் விட்டம், 114 என்பது தோட்டாக் கூட்டின் நீளம், அவ்வளவுதான். இதைச் சுட்டவை டெக்டியாரேவ், சிமோனோவ் ஆகியோரின் இரண்டு சோவியத் துப்பாக்கிகள். இரண்டையும் 1941 ஆகஸ்ட் 29 அன்று ஒரே நாளில் செஞ்சேனை ஏற்றது. டெக்டியாரேவின் துப்பாக்கி இரண்டு மீட்டர் நீளம், 17 கிலோ, தூக்கவும் சுடவும் இரண்டு பேர். 100 மீட்டரில் நேர்குத்தாகப் பட்டால் தோராயமாக 35 மி.மீ. போகும். அப்போதைய ஜெர்மன் டாங்கிகளின் பக்கவாட்டுத் தகடு 30 மி.மீ. அளவில்தான் இருந்தது. குழியில் பதுங்கி, டாங்கி பக்கவாட்டைக் காட்டும்வரை காத்திருக்கப் பொறுமை இருந்தால் போதும். அந்தப் பொறுமை எப்படிப்பட்டது என்பது வேறு கதை!

துளைத்தால் டாங்கி காலி என்று நினைப்பதும் தவறு. உள்ளே போவது விரல் தடிமனுள்ள ஓர் உலோகத் துண்டு. அது ஆளையோ எஞ்சினையோ தொட்டால்தான் பலன். அதனால்தான் பல துப்பாக்கிகள் சேர்ந்து ஒரே டாங்கியைக் குறிவைத்தன. சங்கிலியையும் பார்வைத் துளைகளையும் சுட்டார்கள். ஜெர்மானியர் தங்கள் 7.92 மி.மீ. குண்டுக்குள் கண்ணீர்ப்புகையைக்கூட அடைத்துப் பார்த்தார்கள். எதிர்த்தரப்பு அதை உணர்ந்ததே இல்லை. பிடிபட்ட தோட்டாக்களைப் பிரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

எனக்கு மிகவும் எரிச்சல் தரும் பிழை ஒன்று உண்டு. 1943 முதல் ஜெர்மன் டாங்கிகளின் பக்கவாட்டில் பாவாடைபோல மெல்லிய இரும்புத் தகடுகள் தொங்குவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 'பசூக்காவைத் தடுக்க' என்று, அதாவது தோளில் வைத்து ஏவும் அமெரிக்க ராக்கெட்டைத் தடுக்க என்று, படத்துக்கடியில் எழுதிவிடுகிறார்கள். அவை முதலில் வந்தது இந்தச் சோவியத் துப்பாக்கிகளுக்காக. மெல்லிய தகட்டில் மோதிய குண்டு நிலைகுலைந்து கோணலாகிவிடும். அப்புறம் உண்மையான கவசத்தில் பட்டால் துளைக்காது. பாந்தர் என்ற ஜெர்மன் டாங்கிக்கும் இந்தப் பாவாடை தேவைப்பட்டது, ஏனென்றால் அதன் கீழ்ப்பக்கவாட்டுத் தகடு 40 மி.மீ. தான். 'உதவாத' ஆயுதத்துக்குப் பயந்து யாராவது டன் கணக்கில் இரும்பைத் தொங்கவிடுவார்களா?

போலந்தின் 1935ஆம் மாடல் டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிக்கு டங்ஸ்டன் என்ற கடின உலோகக் குண்டு என்று எழுதுவதும் வாடிக்கை. இல்லை, சாதாரண ஈய உள்ளீடுதான். ஊசிபோலக் குத்தாமல், வேகத்தாலேயே தகட்டிலிருந்து ஒரு வில்லையைப் பெயர்த்து உள்ளே தள்ளியது. அந்த வேகத்துக்கு விலை குழல். சில நூறு தோட்டாக்களில் தேய்ந்துவிடும். உருகுவேக்கு ஏற்றுமதி என்று கதைகட்டி அதை ரகசியமாக வைத்திருந்தார்கள்.

சரி, 1945ஓடு இதெல்லாம் முடிந்ததா? டாங்கி விஷயத்தில் ஆமாம். ஜெர்மனியின் டைகர் டாங்கிக்குப் பக்கவாட்டே 60 முதல் 80 மி.மீ., தோளில் தூக்கிச் சுடும் ராக்கெட்டுகளும் வந்துவிட்டன. ஆனால் தோட்டா சாகவில்லை. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யப்படும் வித்வன்சக், பதுங்குகுழி, வாகனம் போன்றவற்றைத் தாக்கும் கனரகத் துப்பாக்கி. குழலை மாற்றிப் பொருத்தினால் அதிலும் போவது அதே 14.5×114.