தில்லியில் மொட்டை மாடிக்குக் கீழே குடியிருப்போர் வெக்கையைத் தணிக்கும் முறை

முனிர்க்கா, கரோல் பாக், மயூர் விஹார் போன்ற பகுதிகளில் மொட்டை மாடிக்கு நேர் கீழேயுள்ள தளத்திலோ, மாடியின் மேலேயே கட்டிய பர்சாத்தி அறையிலோ வசிக்கும் நம்மவர்களுக்கு மே, ஜூன் மாதங்களில் பகல் வெயிலைவிட இரவு வெக்கையே பெரிய தொல்லை. 2024 மே 29 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி செல்சியஸ் பதிவானது என்றால், அது நிழலில் அளந்த காற்றின் வெப்பம். நேர் வெயிலில் கிடக்கும் கான்கிரீட் தளம் அதைவிட வெகுவாகச் சூடேறி, அந்தச் சூட்டைப் பிடித்து வைத்திருந்து, சில மணி நேரம் கழித்தே அறைக்குள் இறக்குகிறது. இரவு ஒன்பது மணிக்கு நாற்காலியில் ஏறி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பக்கத்துச் சுவரைவிட அது சூடாக இருந்தால், ஏ.சி.க்குச் செலவழிக்கும் முன் கூரைக்குச் செலவழிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மலிவானது வெள்ளையடிப்பது. பழைய சாம்பல் நிறக் கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். புதிதாகப் பூசிய நல்ல வெள்ளைப் பூச்சோ ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சுண்ணாம்பே போதும் என்பது என் கருத்து. உரிமையாளரும் அதற்கு மறுப்புச் சொல்வது அரிது. மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ, தளத்தைத் தேய்த்துக் கழுவி, பாசியையும் உரிந்த பழைய பூச்சையும் சுரண்டி எடுத்து, விரிசல்களை அடைத்துக் காயவிடுங்கள். கிளிஞ்சல் அல்லது கல் சுண்ணாம்பானால் முதல் நாளே இரும்பு டிரம்மில் நிறையத் தண்ணீர் வைத்து, அதில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அது சீறிக் கொதித்துத் தெறிக்கும் என்பதால் கண்ணாடியும் கையுறையும் அணிவதும், குழந்தைகளை மாடிக்கு விடாமல் இருப்பதும் கட்டாயம். ஆறிய பின் துணியில் வடிகட்டி, தளத்தில் ஒட்டிப் பிடிக்கக் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, பால் பதத்திற்குக் கொண்டுவந்து, மாலை வேளையில் தளத்தை லேசாக நனைத்துவிட்டு, ஒரே கனமான பூச்சாக அல்லாமல் மெல்லிய பூச்சுகளாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். மழைக்காலம் கழிந்ததும் பெரும்பாலும் கரைந்துபோகும். ஆண்டுதோறும் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

சொந்த வீடானால், சில ஆண்டுகள் தாங்கும் அக்ரிலிக் குளிர்கூரைப் பூச்சோ, உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓடுகளைப் பதிப்பதோ நல்லது. டப்பாவில் எஸ்.ஆர்.ஐ. என்ற எண் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பிச் சூடேறாமல் இருக்கும் திறனை, கறுப்புப் பரப்புக்கு 0, வெள்ளைப் பரப்புக்கு 100 என்று வைத்துக் கணக்கிடும் அளவு அது, எண் கூடக் கூட நல்லது. ஒழுகும் தளத்தை முதலில் சரிசெய்யாமல் எதைப் பூசினாலும் உரிந்துவிடும். ஒழுகலுக்காகக் கறுப்புத் தார்த்தாளை விரித்து அப்படியே விட்டுவிடும் ஒப்பந்தக்காரர்கள் உண்டு. அதன்மேலும் வெள்ளை அடிக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் செங்கல் ஓட்டுக்கு அடியில் வைக்கோல் கலந்த மண்ணடுக்கு இருக்கும். மட் ஃபுஸ்கா என்று இங்கே சொல்வார்கள். வெப்பத்தைத் தடுப்பதற்கென்றே போட்ட அதைச் சுமை என்று பெயர்த்தெடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆந்தி எனப்படும் புழுதிக்காற்று ஒருமுறை வீசினாலே வெள்ளைத் தளம் மங்கிவிடும், மறுநாளே பெருக்கிவிடுங்கள். பச்சை நிழல்வலை கட்டுவதானால், தளத்தின் மேல் விரிக்காமல், அடியில் காற்று புகுந்து போகும்படி ஆள் உயரத்தில் கட்டுங்கள். ஆந்திக்குப் பிய்ந்து பறக்காதபடி சுவர்க் கொக்கிகளில் இறுக்குவது முக்கியம். கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்கும் வெளியே தெரியும் குழாய்களுக்கும் வெள்ளை அடித்துவிட்டால், பிற்பகலில் குழாயைத் திறந்தவுடன் கை பொறுக்காத வெந்நீர் வருவது குறையும். சூரியன் சாய்ந்த பின் தளத்தில் தண்ணீர் தெளிப்பதும் பலன் தரும்; ஆனால் கோடையில் டேங்கர் லாரியை எதிர்பார்த்து நிற்கும் ஊரில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உள்ளே செய்ய வேண்டியது இதைவிடக் குறைவு. லூ எனப்படும் அனல்காற்று வீசும் பகல் முழுவதும் மேற்கு, தெற்குச் சன்னல்களைச் சாத்தி, இயன்றால் வெளிப்புறத்தில் மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ தொங்கவிடுங்கள். உட்புறத் திரை, வெயில் கண்ணாடியைக் கடந்து வந்த பிறகுதான் அதைத் தடுக்கிறது. வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ந்தவுடன் எல்லாச் சன்னல்களையும் திறந்து, மாடிப்படியின் உச்சியிலுள்ள மம்ட்டி என்ற சிறு கூண்டறையின் கதவையும் கம்பிக் கதவு மட்டும் சாத்தியபடி திறந்து வைத்தால், வெப்பக்காற்று அந்த வழியே மேலேறிப் போய்விடும். கூலரைச் சன்னலுக்கு வெளியே வைத்து, எதிர்ப்பக்கச் சன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். மூடிய அறையில் அது புழுக்கத்தையே கூட்டும். ஜூன் கடைசியில் பருவமழை வந்து காற்றில் ஈரம் ஏறியபின் கூலரால் பயன் குறைவு.

வெப்பத்தைத் தடுக்கவென்று தெர்மாகோல் வைத்துப் பொய்க்கூரை அமைக்கச் சொல்வோர் பலர். அது எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதோடு, மேலே கான்கிரீட் சூடேறுவதையும் அது நிறுத்தாது. பொய்க்கூரை கட்டாயம் வேண்டும் என்றால் கண்ணாடிக் கம்பளியோ பாறைக் கம்பளியோ வைத்து, மின்கம்பிகளைக் குழாய்க்குள் செலுத்தி, அதுவும் மேலே வெள்ளையடித்து முடித்த பிறகு செய்யுங்கள்.