பழைய இரண்டு வயர் எக்ஸ்டென்ஷன் கார்டை என்ன செய்யலாம்?

சுருண்டு கிடக்கும் பழைய எக்ஸ்டென்ஷன் கார்டின் பிளக்கைப் பாருங்கள். இரண்டே பின், உள்ளே இரண்டே வயர் என்றால் அதில் எர்த் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கொண்டுபோகும் மூன்றாவது வயர்) கிடையாது. இஸ்திரிப் பெட்டி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எதையும் அதில் மாட்டக் கூடாது. முனையில் மூன்று பின் சாக்கெட்டைப் பொருத்திவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். சாக்கெட்டில் துளை இருக்கும், எர்த் இருக்காது. பார்ப்பவர் நம்பி மாட்டிவிடுவார் என்பதால் அது இன்னும் ஆபத்து.

ஆனால் உள்ளே இருக்கும் வயர் வீண் இல்லை. ஸ்பீக்கருக்கும் 12 வோல்ட் விளக்குக்கும் அருமையாகப் பயன்படும்.

1. முதலில் சோதனை

கார்டு எதிலும் மாட்டியிருக்கக் கூடாது. முழு நீளத்தையும் கையால் தடவி வாருங்கள். மேல்தோல் வெடித்திருந்தாலோ, பிசுபிசுத்தாலோ, கருகிய தடம் இருந்தாலோ அந்தப் பகுதியைக் கழித்துவிடுங்கள்.

2. பிளக்கையும் சாக்கெட்டையும் வெட்டுங்கள்

இதைத் தள்ளிப் போடாதீர்கள். பிளக் இருக்கும்வரை யாராவது ஒருநாள் அதைச் சுவரில் செருகிவிடுவார்கள். வெட்டிய பிளக்கில் வயர் வால்போல நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. குழந்தை கையில் கிடைத்து, அதைச் சாக்கெட்டில் செருகினால் மின்சாரம் நேரே கைக்கு வரும். பிளக்கை ஒட்ட நறுக்கி, பின்களை வளைத்துக் குப்பையில் போடுங்கள்.

3. தோலை உரித்துப் பாருங்கள்

இரண்டு முனையிலும் ஒரு சென்டிமீட்டர் உரித்தால் போதும். செம்பு பளபளப்பாக இருந்தால் நல்லது; பச்சையாகவோ கருப்பாகவோ இருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டி உள்ளே பாருங்கள். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். மின்தடை அதிகம், சீக்கிரம் ஒடியும். அப்புறம் மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று காட்டும் நிலை) வைத்து, ஒவ்வொரு வயரும் முனைக்கு முனை 'பீப்' சொல்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் இடையே சத்தம் வரக் கூடாது.

4. ஸ்பீக்கர் வயராக

எனக்குப் பிடித்த பயன் இதுதான். 0.75 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்பு வயரில், 5 மீட்டர் தூரத்துக்குப் போக வர மொத்தத் தடை 0.23 ஓம் அளவுதான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பெரிய விஷயமே இல்லை. இரண்டு வயரில் ஒன்றை டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். அதையே எல்லா இடத்திலும் பிளஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் பேஸ் சத்தம் மெலிந்துபோகும்.

5. 12 வோல்ட் எல்இடிக்கு

இங்கே நீளத்தைக் கவனிக்க வேண்டும். அதே வயர் 10 மீட்டர் போய் 2 ஆம்பியர் எடுத்தால் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும், விளக்கு மங்கும். குறைவான தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியிலிருந்து எடுத்தால், பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ் போடாமல் இணைக்கவே வேண்டாம். 12 வோல்ட்தானே என்று விட்டால், ஷார்ட் ஆகும்போது வயர் பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும்.

சரி, இரண்டு முனையிலும் '12 வோல்ட் மட்டும்' என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

மிஞ்சும் துண்டுகளைச் செம்புக்காக எரிக்காதீர்கள். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினும் வரும். கத்தியால் நீளவாக்கில் கீறினால் தோல் தானாகக் கழன்றுவிடும்.