ஹாக்கி அவார்டு ஓட்டுல எங்க சொதப்பல்னு கண்டுபிடிக்கிறது எப்படி

வட அமெரிக்காவோட ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்ல அவார்டு அறிவிச்ச உடனே "ஓட்டு போட்டவன் மேட்ச் பாத்தானா இல்லையா"ன்னு கத்த ஆரம்பிச்சிடுறோம், நானும்தான். ஆனா கத்துறதுக்கு முன்னாடி யாரு ஓட்டு போட்டாங்கன்னு பாருங்க. ஹார்ட் (டீமுக்கு ரொம்ப முக்கியமானவருக்கு), நாரிஸ் (சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கு), கால்டர் (சிறந்த புதுமுகத்துக்கு) எல்லாம் ஹாக்கி பத்தி எழுதுற பத்திரிகைக்காரங்க போடுறது, கோலிக்கான (கோல்கீப்பர்) வெசினா டீம்களோட ஜெனரல் மேனேஜருங்க கையில, சிறந்த ஆட்டக்காரருக்கான டெட் லிண்ட்சே பிளேயர்ஸே போடுறது. ஒரே சீசன்ல ஹார்ட் ஒருத்தருக்கும் லிண்ட்சே இன்னொருத்தருக்கும் போச்சுன்னா அங்க தோண்டுங்க.

2002-ஐ எடுத்துக்கோங்க. கால்கரி டீமோட இகின்லா 52 கோல், 96 பாயிண்ட் (கோலும், கோலுக்கு குடுத்த பாஸும் சேத்து), ரெண்டுலயும் லீக்லயே முதல் ஆளு. பிளேயர்ஸ் அவருக்குத்தான் குடுத்தாங்க, அப்போ லிண்ட்சே அவார்டோட பேரு பியர்சன். ஹார்ட்ல மட்டும் அவரும் மாண்ட்ரியல் கோலி தியோடோரும் ஓட்டுல ஆளுக்கு 434 மார்க், சமம், முதலிட ஓட்டு 26-க்கு 23ன்னு தியோடோருக்கு போயிடுச்சு. ஹார்ட் ரூல்ல "சிறந்த ஆட்டக்காரர்"னு இல்ல, "தன் டீமுக்கு ரொம்ப முக்கியமானவர்"னு இருக்கு, மாண்ட்ரியல் பிளேஆஃப் (ரெகுலர் சீசனுக்கு அப்புறம் நடக்குற கோப்பைச் சுற்று) போச்சு கால்கரி போகல, அதனால ரூலை காட்டி தப்பிச்சுக்கலாம். எனக்கு இன்னும் ஆறல, கூட ஆடுறவங்க சரியில்லன்னா அதுக்கு இகின்லா என்ன பண்ணுவாரு?

அடுத்து மார்க் கணக்கு. பத்திரிகைக்காரங்க போடுற ஹார்ட், நாரிஸ் மாதிரி அவார்டுல ஒவ்வொருத்தரும் அஞ்சு பேரை வரிசையா எழுதணும், 10, 7, 5, 3, 1ன்னு மார்க். 2022 நாரிஸ்ல யோசிக்கு முதலிட ஓட்டு 98, மக்காருக்கு 92, ஆனா ஜெயிச்சது மக்கார், 25 மார்க் வித்தியாசத்துல. யோசியை முதல்ல போடாதவங்கள்ல கொஞ்ச பேரு அவரை ரெண்டாவது இடத்துக்கும் கீழ தள்ளிட்டாங்க, அவ்ளோதான், சதி கிதி ஒண்ணும் இல்ல.

பொசிஷனையும் பாத்துடுங்க, ஆல்ஸ்டார் டீம்னு ஒவ்வொரு பொசிஷனுக்கும் சீசனோட சிறந்த ஆளை ஓட்டு போட்டு எடுப்பாங்க. 2013ல அதுவரை லெஃப்ட் விங்ல ஆடின ஒவெச்கின் ரைட் விங்குக்கு மாறி ஆடினாரு, அது தெரியாம பழைய ஞாபகத்துல லெஃப்ட் விங்ல சில பேரு ஓட்டு போட, ஒரே வருஷம் ஒரே மனுஷன் ஃபர்ஸ்ட் ஆல்ஸ்டார் டீம்ல ரைட் விங், செகண்ட் டீம்ல லெஃப்ட் விங்! சொதப்பல்னா இதுதான் சொதப்பல்.

2018ல இருந்து பத்திரிகைக்காரங்க யாரு யாருக்கு போட்டாங்கன்னு பேரோட வெளியிடுறாங்க, அதை திறந்து உங்க ஆளை லிஸ்ட்லயே சேக்காம விட்டது யாருன்னு தேடுங்க. அப்புறம் சண்டையில பிளேஆஃப் கோலை மட்டும் இழுக்காதீங்க, ரெகுலர் சீசன் முடிஞ்சதுமே ஓட்டு போட்டு முடிச்சிடுவாங்க.