கட்சி ஆதரவாளர்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கருத்துக்கணிப்புத் தரவுகளைக் கையாளப் புதிதாக வருபவர்களின் அறிக்கைகளைத் திருத்தும்போதெல்லாம், தொடக்க காலத்தில் நான் செய்த அதே பிழைகளே திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. கூட்டல் பிழை, போதாத மாதிரி ஆகியவற்றை எந்தப் பாடநூலும் சொல்லிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். எடுத்துக்காட்டுகள் அனைத்தும் அமெரிக்காவின் ஜனநாயக, குடியரசுக் கட்சிகளைப் பற்றியவை.

மாநிலத்தின் எண்ணைத் தனிமனிதர் மேல் ஏற்றுவது

அண்மையில் ஒரு பயிற்சி வகுப்பில் 2004 அதிபர் தேர்தலின் மாநில வாரியான தரவைக் கொடுத்திருந்தேன். மிக ஏழ்மையான மாநிலங்களுள் ஒன்றான மிசிசிப்பியில் குடியரசுக் கட்சியின் புஷ் ஏறத்தாழ 59 சதவீத வாக்குகளைப் பெற்றார். செல்வ வளம் மிக்க கனெக்டிகட்டில் ஜனநாயகக் கட்சியின் கெர்ரி 54 சதவீதம் பெற்றார். வரைபடத்தைத் துல்லியமாக வரைந்த மாணவர் ஒருவர், வருமானம் கூடக்கூட ஜனநாயகக் கட்சிக்கான ஆதரவும் கூடுகிறது என்று முடிவுரை எழுதியிருந்தார். கணக்கில் ஒரு பிழையும் இல்லாததால் வகுப்பில் எவரும் அதை மறுக்கவில்லை.

ஆனால், அதே தேர்தலில் வாக்களித்து வெளியே வந்தவர்களிடம் எடுத்த கணிப்பின்படி, ஆண்டுக்கு 15,000 டாலருக்கும் குறைவாக ஈட்டியவர்களில் 36 சதவீதத்தினரும், 2,00,000 டாலருக்கு மேல் ஈட்டியவர்களில் 63 சதவீதத்தினரும் புஷ்ஷுக்கு வாக்களித்திருந்தனர். அதாவது, மாணவரின் முடிவுரை தலைகீழானது. புள்ளியியலாளர் ஆண்ட்ரூ கெல்மனும் அவருடைய சகாக்களும் விளக்கியபடி, மிசிசிப்பி போன்ற ஏழை மாநிலங்களில் ஏழைக்கும் பணக்காரருக்கும் இடையிலான அரசியல் இடைவெளி மிகப் பெரியது. கனெக்டிகட் போன்ற இடங்களிலோ வருமானம் வாக்கை அவ்வளவாக மாற்றுவதில்லை. மாநிலச் சராசரியில் இந்த உள்வேறுபாடு முழுவதும் மறைந்துவிடுகிறது.

என்னை எரிச்சலூட்டுவது இப்பிழையின் வயதுதான். 1950-லேயே சமூகவியலாளர் டபிள்யூ. எஸ். ராபின்சன், 1930 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு இதைத் தெளிவாக நிறுவிவிட்டார். வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. தனிமனிதர்களாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தோரிடமே அது கூடுதலாக இருந்தது. எழுத்தறிவு மிக்க மாநிலங்களில் அவர்கள் குடியேறியதே காரணம். முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகும் மாவட்ட வண்ணப்படத்தைக் காட்டி "இப்படிப்பட்டவர்கள் இக்கட்சிக்கு வாக்களிக்கிறார்கள்" என்று எழுதுகிறோம். அதை நம்பிப் பிரசாரத் திட்டம் தீட்டும் கட்சி, தட்ட வேண்டிய கதவுகளை விட்டுவிட்டு வேறு கதவுகளைத் தட்டும். தனிமனிதரைப் பற்றிச் சொல்ல விரும்பினால் தனிமனிதத் தரவை எடுங்கள். அது கிடைக்காவிட்டால் மாநிலத்தைப் பற்றி மட்டும் எழுதி நிறுத்துங்கள்.

சதவீதத்தைத் திருப்பிப் படிப்பது

ஒரு பிரிவினரில் பெரும்பாலோர் ஒரு கட்சியை ஆதரிப்பதும், அக்கட்சியினரில் பெரும்பாலோர் அப்பிரிவினராக இருப்பதும் வெவ்வேறு செய்திகள். பெரும்பணக்காரர்களில் பலர் குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கலாம்; அதனால் அக்கட்சியினரில் பலர் பெரும்பணக்காரர்கள் என்றாகிவிடாது. டக்ளஸ் ஆலர், கௌரவ் சூட் ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், குடியரசுக் கட்சியினரில் 38 சதவீதத்தினர் ஆண்டுக்கு 2,50,000 டாலருக்கு மேல் ஈட்டுவதாக அமெரிக்கர்கள் சராசரியாக மதிப்பிட்டனர். உண்மை அளவு ஏறத்தாழ 2 சதவீதமே.

ஆதரவாளர் யார் என்று வரையறுக்காமல் விடுவது

காலப் நிறுவனத்தின் 2023 கணிப்புகளில் 43 சதவீதத்தினர் தம்மை எக்கட்சியையும் சாராதவர் என்றனர். அவர்களில் ஒரு கட்சிப் பக்கம் சாய்பவர்களைச் சேர்த்தீர்களா, விலக்கினீர்களா என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

ஆண்டைக் குறிப்பிடாமல் எழுதுவது

பட்டம் பெற்ற வெள்ளையர் பல பத்தாண்டுகள் குடியரசுக் கட்சியின் பக்கம் நின்றவர்கள். 2020-இல் அவர்களில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சியின் பைடனுக்கு வாக்களித்தனர். ஆண்டு இல்லாத வாக்கியத்தை நான் அடித்துவிடுகிறேன்.