டீசல் வண்டி இடையிடையே இழுவை இழந்தால்: ஈஜிஆர் பழுதைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேடேறும்போது வண்டி திடீரென இழுக்காமல் போகும். நிறுத்திச் சாவியை அணைத்துவிட்டு மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். டீசல் வேலையில் இதைவிடப் பொறுமையைச் சோதிக்கும் பழுது குறைவு. எங்களிடம் தொழில் பழகும் இளைஞர் ஒருவர் அண்மையில் இப்படி வந்த ஒரு வண்டியில் ஸ்கேனரைப் பொருத்தினார். திரையில் பி0401 என்ற பிழைக் குறியீடு, அதாவது கோடு (வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் ஈஜிஆர் அமைப்பைப் பற்றியது) வந்ததும், "அண்ணே, அழிச்சிட்டு ஓட்டிப் பார்க்கலாம், திரும்ப வந்தா ஈஜிஆர் வால்வை மாத்திடலாம்" என்றார். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதே சொற்களைச் சொல்லியிருக்கிறேன். அடைத்த ஏர் ஃபில்டர், தளர்ந்த பேட்டரி முனை போன்றவற்றை எவரும் பார்த்துவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

## குறித்து வைக்காமல் கோடை அழிப்பது

பிழை பதிவாகும் அதே நொடியில் இன்ஜினின் சுழற்சி, சுமை, கூலன்ட் வெப்பம், வண்டியின் வேகம் ஆகியவற்றையும் இன்ஜினை இயக்கும் கணினியான இசியு சேர்த்துச் சேமிக்கிறது. ஃப்ரீஸ் ஃபிரேம் என்பது இதுதான். அழிக்கும் கட்டளையைக் கொடுத்தால் கோடு மட்டும் போவதில்லை. இந்தப் பதிவும், புகைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் தம்மைச் சோதித்து முடித்த விவரமும் கூடவே போய்விடுகின்றன. எப்போதும் இருக்கும் பழுதென்றால் நட்டமில்லை, சற்று நேரத்தில் அது மறுபடி பதிவாகும். வந்து வந்து போகும் பழுதுக்கோ அந்தப் பதிவை விட்டால் நம் கையில் வேறு எதுவும் இல்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சரக்கு வண்டியில் நான்கு கோடுகள் இருந்தன. ஈஜிஆர் என்ற சொல் கண்ணில் பட்டதும் மற்ற மூன்றையும் படிக்காமல் எல்லாவற்றையும் அழித்தேன். வால்வைக் கழற்றினால் உள்ளே கரி அப்பியிருந்தது. டீசல் வண்டியில் எந்த ஈஜிஆரைக் கழற்றினாலும் கரி இருக்கத்தான் செய்யும் என்பதை அன்று எண்ணிப் பார்க்காமல், அதுவே காரணம் என்று நம்பிப் புது வால்வைப் போட்டேன். ஒன்பது நாள் நன்றாக ஓடிய வண்டி பத்தாம் நாள் முழுச் சுமையோடு மேடேறும்போது அதே குறையோடு திரும்பியது. மறுபடி அழித்தேன், டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் பூஸ்ட் சென்சாரை மாற்றினேன். அதற்கடுத்த முறை டர்போவின் ஆக்சுவேட்டர். மூன்று பாகங்களுக்கு உரிமையாளர் பணம் கொடுத்து முடித்த பிறகுதான், நான்காம் முறை எதையும் அழிக்காமல் உட்கார்ந்து படித்தேன்.

ஈஜிஆர் நிலை சென்சார், பூஸ்ட் அழுத்த சென்சார் ஆகிய இரண்டின் கோடுகளோடு பி0642, அதாவது சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் மின்னழுத்தம் குறைந்துவிட்டது என்ற கோடும் ஒரே நேரத்தில், ஒரே சுமையில் பதிவாகியிருந்தன. இரண்டு சென்சார்களுக்கும் ஒரே 5 வோல்ட் வயர்தான் போகிறது. சுமையை இழுக்கும்போது இன்ஜின் தன் மவுன்டிங்கில் சற்றுச் சாயும். அப்போது வயர்க் கட்டு ஈஜிஆர் கூலரின் பிராக்கெட்டில் உரசியிருக்கிறது. மேல் நாடாவைப் பிரித்தபோது ஒரு வயரின் உறை நகக்கண் அளவுக்குத் தேய்ந்து செப்பு இழைகள் மின்னின. பிராக்கெட்டின் விளிம்பிலும் அதே அகலத்துக்குத் துரு உரசிப் பளபளப்பாக இருந்தது. வயரைச் சரிசெய்து, கட்டை விலக்கிக் கட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் நாளே அந்த நான்கு கோடுகளையும் படித்திருந்தால் அந்த மனிதர் ஒரு பாகத்துக்கும் பணம் கொடுத்திருக்க மாட்டார். அதனால்தான் அழிக்கும் பொத்தானை நோக்கி எவர் விரல் போனாலும் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. ஒவ்வொரு கோடையும் அதன் ஃப்ரீஸ் ஃபிரேமோடு கைப்பேசியில் படமெடுத்துக்கொண்ட பிறகே அழிக்க வேண்டும்.

## ஓடும் இன்ஜினின் காற்றுக் குழாயில் கிளீனர் அடிப்பது

உள்ளே வருவதையெல்லாம் டீசல் இன்ஜின் எரித்துவிடும். சாவியை அணைத்தாலும் நிற்காமல் வேகம் ஏறக்கூடும். வால்வைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

## ஈஜிஆர் வழியைத் தகடு வைத்து அடைப்பது

செய்யாதீர்கள்.

## வயரை ஓம் அளவில் மட்டும் பார்ப்பது

ஒரே ஓர் இழை மிச்சமிருக்கும் வயரும் மல்டிமீட்டரில் நல்ல வயராகவே காட்டும். மின்னோட்டம் பாயும்போது எவ்வளவு வோல்ட் இழக்கிறது என்று பார்த்து, கனெக்டரையும் வயர்க் கட்டையும் அசைத்தபடி திரையைக் கவனிக்க வேண்டும்.

## கோடின் பெயரைப் பார்த்துப் பாகத்தை மாற்றுவது

பி0401 என்பது ஈஜிஆர் வழியாக வரும் புகை போதவில்லை என்று மட்டுமே சொல்கிறது. வால்வு கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. பல இன்ஜின்களில் இந்தப் புகையை நேரடியாக அளக்கும் கருவியே கிடையாது. வால்வு திறந்ததும் புதுக்காற்று எவ்வளவு குறைகிறது என்பதை ஏர் ஃபுளோ சென்சாரின் மூலம் பார்த்துத்தான் இசியு கணக்கிடுகிறது. நான்கு சிலிண்டர் கொண்ட 2 லிட்டர் இன்ஜினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 500 சிசி. லிட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிராம் காற்று என்றால், டர்போ அழுத்தம் இல்லாத ஐடிலில் ஒரு முறைக்கு அதிகபட்சம் 600 மில்லிகிராம், நடைமுறையில் அதைவிடச் சற்றுக் குறைவாக உள்ளே போகும். ஸ்கேனர் மூலம் வால்வைத் திறக்கும்போது இந்த எண் தெளிவாக இறங்க வேண்டும். வால்வு திறந்தும் எண் அசையவில்லை என்றால் வழி கரியால் அடைத்திருக்கலாம், அல்லது சென்சார் தவறாகக் காட்டலாம். அழுக்கேறிய சென்சார் காற்றைக் குறைத்துக் காட்டினால், புகை தள்ளக்கூடாது என்பதற்காக இசியு டீசலையும் குறைத்துவிடும். வால்வில் எந்தக் குறையும் இல்லாமலே வண்டி இழுக்காது.

## நின்ற இடத்திலேயே சோதித்து முடிப்பது

அந்த இளைஞரிடம் ஃப்ரீஸ் ஃபிரேமைத் திறக்கச் சொன்னேன். குறைந்த சுமையில், சமதளத்தில் சீராக ஓடும்போது பி0401 பதிவாகியிருந்தது. ஓட்டுநரின் புகாரோ முழுச் சுமையோடு மேடேறும்போது வருவது; அந்த நேரத்தில் ஈஜிஆர் வால்வு மூடியிருக்க வேண்டும். ஆகவே கோடு ஒன்று, புகார் வேறொன்று. சுமையேற்றி ஓட்டி, இசியு கேட்கும் பூஸ்ட் அழுத்தத்தையும் கிடைக்கும் அழுத்தத்தையும், இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தமான ரெயில் அழுத்தத்தையும், வால்வின் நிலையையும் பதிவு செய்தோம். ரெயில் அழுத்தம் முதலில் விழுந்திருந்தால் டீசல் ஃபில்டர், பம்ப் பக்கம் போயிருப்போம், விழுந்தது பூஸ்ட். டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் அடிப்பக்கத்தில், கையால் பிதுக்கினால் மட்டுமே வாய் திறக்கும் ஒரு கீறலும், அதைச் சுற்றி எண்ணெய்க் கசிவும் இருந்தன. ஹோஸை மாற்றியதும் மேட்டில் இழுவை திரும்பியது. பி0401-க்குக் காரணம் வால்வுக்கு அப்பால், இன்டேக் மேனிஃபோல்டில் ஈஜிஆர் குழாய் சேரும் வாயில் படிந்திருந்த கரி. அதைச் சுரண்டி எடுத்த பிறகு பழைய வால்வையே திரும்பப் பூட்டினார்.