ஜெர்மனியில் அண்டை வீட்டுச் சத்தம்: வாடகையில் கை வைப்பதற்கு முன்

ஜெர்மனி அமைதியான நாடு என்று கேள்விப்பட்டு வருபவர்கள், பழைய கட்டடங்களின் மரத்தளத்தில் மேல்மாடிக்காரர் நாற்காலியை இழுக்கும்போது அது தம் தலைமேலேயே இழுபடுவதுபோல் கேட்பதை முதல் வாரத்திலேயே அறிந்துகொள்வார்கள். அத்தகைய அன்றாட ஓசையைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். குழந்தைகள் ஓடுவதையும் அழுவதையும் நீதிமன்றங்கள் பெரும்பாலும் குற்றமாகக் கொள்வதில்லை. நள்ளிரவு தாண்டியும் அதிரும் இசை, ஞாயிற்றுக்கிழமையில் சுவரைத் துளையிடும் டிரில் ஆகியவற்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அமைதி நேரம். ஞாயிறும் அரசு விடுமுறை நாள்களும் முழுநாளும் அப்படியே. உங்கள் கட்டடத்தின் ஹவுஸ்ஓர்ட்நுங் எனப்படும் குடியிருப்பு விதிகளில் மதிய அமைதி நேரமும் இருக்கலாம். இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் ஒலிபெருக்கிக்கு இதே 10 முதல் 6 வரையிலான தடையைத்தான் விதிக்கின்றன. அங்கே அதை யாரும் பொருட்படுத்துவதில்லை, இங்கே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கதவைத் தட்டுவார்கள். மாதத்துக்கு ஒருமுறை விருந்து வைத்துக் கூச்சலிட உரிமை உண்டு என்று ஜெர்மானியர்களே சாதிப்பார்கள். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். கேட்காவிட்டால் இரவில் காவல்துறையையும் பகலில் நகராட்சியின் ஓர்ட்நுங்ஸ்அம்ட் எனப்படும் பொது ஒழுங்கு அலுவலகத்தையும் அழைக்கலாம். தேவையற்ற சத்தத்துக்கு 5,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அந்த உச்சத்தொகை உங்கள் மேல்மாடிக்காரருக்கு விதிக்கப்படும் என்று காத்திருக்காதீர்கள்.

உண்மையான பொறி வாடகையில் இருக்கிறது. வீட்டில் குறை இருந்தால் அதற்கேற்ப வாடகை குறையும் என்று ஜெர்மன் குடிமையியல் சட்டத்தின் 536ஆம் பிரிவு சொல்கிறது. தொடர்ந்த இரைச்சலும் அத்தகைய குறையாகலாம். மீட்மின்டருங், அதாவது வாடகைக் குறைப்பு, என்ற இந்தச் சொல்லை இங்கு வந்த சில மாதங்களிலேயே யாராவது ஒரு நண்பர் உங்கள் காதில் போட்டுவிடுவார். எந்தக் குறைக்கு எத்தனை விழுக்காடு கழிக்கலாம் என்ற அட்டவணைகளும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. அந்த விழுக்காடுகள் எங்கோ, வேறொரு வழக்கில், வேறொரு நீதிபதி சொன்னவை என்பதையும், அவை உங்கள் வீட்டு உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது என்பதையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

என் நண்பர் ஒருவர் அப்படியோர் அட்டவணையை நம்பி, 1,200 யூரோ வாடகையில் மாதந்தோறும் 30 விழுக்காட்டை, அதாவது 360 யூரோவை, கழித்துக் கட்டிவந்தார். நம் ஊர்ப் பழக்கப்படி காவலாளியிடம் சொன்னால் உரிமையாளரிடம் சொன்னதாகிவிடும் என்று எண்ணி, படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்த ஹவுஸ்மைஸ்டர் எனப்படும் கட்டடப் பராமரிப்பாளரிடம் முறையிட்டார். அவரும் துடைப்பத்தை நிறுத்தாமலே தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு மட்டுமே நண்பரிடம் இருந்த ஆதாரம். குறையை உரிமையாளருக்குத் தெரிவிப்பது வாடகைதாரரின் கடமை என்றும், தெரிவிக்காததால் அவரால் அதைச் சரிசெய்ய இயலாமல் போயிருந்தால் கழிக்கும் உரிமை கிடையாது என்றும் சட்டம் சொல்கிறது. ஏழாவது மாதத்தில் நிலுவை 2,520 யூரோவாகி இரண்டு மாத வாடகையைத் தாண்டியது. அந்த அளவு நிலுவை சேர்ந்தால் உரிமையாளர் முன்னறிவிப்புக் காலமே இல்லாமல் ஒப்பந்தத்தை முறிக்கலாம். சத்தம் போட்டவர் இன்னும் அந்த மேல்மாடியிலேயே இருக்கிறார். சத்தத்தைக் கேட்டவர் மகளின் பள்ளியை மாற்றிக்கொண்டு நகரத்தின் மறுகோடிக்குப் போனார். இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

ஆகவே ஒரு சென்ட்டைக்கூடக் கழிப்பதற்கு முன், உரிமையாளருக்கோ அவருடைய நிர்வாக நிறுவனத்துக்கோ எழுத்துமூலம் தெரிவியுங்கள். கடிதம் போய்ச் சேர்ந்ததற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வகைச் சத்தம், எந்த நேரங்களில், எவ்வளவு நேரம், எத்தனை முறை என்பதை அதில் விளக்குங்கள். நிமிடக் கணக்கு இல்லாவிட்டாலும் இத்தகைய விவரிப்பே போதும் என்று கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2012இல் கூறியது உண்மைதான். இருந்தாலும், உடன் கேட்டவர் பெயரோடு நாள்வாரியாக ஒரு குறிப்பேடு வைத்திருப்பவரின் பேச்சுக்கே எந்த அலுவலகத்திலும் மதிப்பு அதிகம். கைபேசியில் பதிவு செய்யத் தோன்றும். பிறருடைய பேச்சை ரகசியமாகப் பதிவு செய்வது இங்கே குற்றவியல் சட்டத்தின் 201ஆம் பிரிவின்கீழ் வரும் என்பதால், அதை விட்டுவிட்டு உடன் வசிப்பவரையோ பக்கத்து வீட்டாரையோ சாட்சியாகக் கொள்ளுங்கள்.

வாடகையை முழுமையாகக் கட்டிக்கொண்டே உரிமையைக் காத்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. குறையைக் குறிப்பிட்டு, இனிமேல் 'உன்டர் ஃபோர்பெஹால்ட்', அதாவது உரிமையை விட்டுக்கொடுக்காமல், கட்டுவதாக உரிமையாளருக்கு எழுதிவிட்டு, வங்கிப் பரிமாற்றத்தின் குறிப்புப் பகுதியிலும் அதே சொற்களை எழுதுங்கள். கழிக்கும் உரிமை இருப்பதை அறிந்தும் ஒன்றும் சொல்லாமல் முழுத் தொகையைக் கட்டியவர், பிற்பாடு அதைத் திருப்பிக் கேட்க முடியாமல் போகலாம். இவ்வாறு எழுதிக் கட்டியவர் கேட்கலாம். அதிகப்படியான தொகை சில மாதங்கள் உரிமையாளரிடம் இருக்கும் என்பதே இதிலுள்ள ஒரே வருத்தம்.

வழக்கு வந்துவிட்டால் அது மஞ்சள் உறையில் வரும். தபால்காரர் அதன்மேல் தேதியை எழுதியிருப்பார், கெடுக்கள் அந்தத் தேதியிலிருந்தே ஓடும் என்பதால் உறையைத் தூக்கி எறியாதீர்கள். வழக்கு உங்களிடம் சேர்ந்த இரண்டு மாதங்களுக்குள் நிலுவை முழுவதையும் கட்டினால், பொதுவாக, உடனடி முறிவு செல்லாததாகிவிடும். ஆனால் விவரமறிந்த உரிமையாளர், முன்னறிவிப்புக் காலத்துடன் கூடிய சாதாரண முறிவையும் அதே முறிவுக் கடிதத்தில் சேர்த்திருப்பார். பணம் கட்டியதால் மட்டும் அது நீங்காது. நண்பரை வெளியேற்றியது இந்த இரண்டாவது முறிவுதான். தோற்றவரே இரு தரப்பு வழக்கறிஞர் கட்டணத்தையும் நீதிமன்றச் செலவையும் ஏற்க வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒவ்வொரு பெரிய ஊரிலும் மீட்டர்ஃபெரைன் என்னும் வாடகைதாரர் சங்கம் இருக்கிறது. உறுப்பினர்களுக்கு அங்குள்ள சட்ட ஆலோசகர்கள் கடிதத்தையே எழுதித் தருவார்கள். நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்யும் வாரத்திலேயே அதில் சேர்ந்துவிடுங்கள். சங்கத்தின் வழியாகக் கிடைக்கும் சட்டக் காப்பீட்டுக்குப் பெரும்பாலும் மூன்று மாதக் காத்திருப்புக் காலம் உண்டு; அதற்கு முன்பே தொடங்கிய தகராறுகளுக்கு அது பொருந்தாது. நண்பர் சேர்ந்தது முறிவுக் கடிதம் வந்த பிறகு.