கோல்டு தகுதியின் பயன் அம்மாவுக்கும் கிடைத்த விதம்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் என்ற அடிக்கடி பயணிப்போர் திட்டத்தில் எனக்குள்ள கோல்டு என்ற உயர்நிலை உறுப்பினர் தகுதியை, முழங்கால் வலியுடன் பயணம் செய்யும் என் அம்மாவின் பெயருக்கு மாற்ற வழியில்லை. ஆனால் அது ஸ்டார் அலையன்ஸ் என்ற விமான நிறுவனக் கூட்டணியின் கோல்டு தகுதியாகவும் செல்லுபடியாவதால், அதே விமானத்தில் செல்லும் ஒருவரை விருந்தினராக விமான நிலைய ஓய்வறையான லவுஞ்சுக்குள் அழைத்துச் செல்லலாம். ஆகவே, அவர் சென்னை திரும்பும் விமானத்திலேயே நானும் பயணச்சீட்டு எடுத்தேன். அவர் அங்கே காலை நீட்டி அமர்ந்து இளைப்பாற முடிந்தது. அப்பாவும் வந்திருந்தால் இருவரில் ஒருவரைத்தான் அழைக்க முடியும் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் வரம்பு. கூடுதலாக 20 கிலோ பயணப்பெட்டி எடுத்துச் செல்லும் சலுகையும் உறுப்பினருக்கே உரியது என்பதால், வீட்டுக்கு வாங்கிய பொருள்களை என் பெட்டியிலேயே அடுக்கினேன். பயணங்களால் சேரும் புள்ளிகளான மைல்களில் இத்தகைய இறுக்கம் குறைவு: 5 பேர் வரை நியமித்து அவர்களுக்குப் பயணச்சீட்டு பெறலாம் என்பதால், முதலில் அம்மாவின் பெயரைச் சேர்த்தேன்.